பின் சக்கரத்தில் மை

அத்தியாயம் 5

ஆளைப் பார்த்து நம்புகிறவன் ஏமாளி, பேச்சைக் கேட்டு நம்புகிறவன் அடிமுட்டாள் என்பது தேவசகாயத்தின் கொள்கை. முப்பது வருடம் தோல் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்று, வெளியே போகிற ஒவ்வொரு டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தவருக்கு வேறு கொள்கை வர வழியில்லை. ரசத்துக்கு அடியில் ஷூ நாடா எடுத்திருக்கிறார். சோற்றுக்கு நடுவில் பித்தளை பக்கிள் எடுத்திருக்கிறார். ஒருமுறை பைபிளுக்குள் மடித்து வைத்த ஆட்டுத்தோல் கிடைத்தது. அன்றிலிருந்து பைபிளையும் உதறிப் பார்த்துவிட்டுத்தான் படிப்பார்.

படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. ரிட்டையர் ஆன பிறகு காணாமல் போன ஆடு, காணாமல் போன மருமகன் என்று நாலைந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் ஆம்பூர் வட்டாரத்தில் 'துப்பு தேவசகாயம்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

அவருடைய உதவியாள் மெர்சி. வயது முப்பத்திரண்டு. ஷூ மேல்பாகம் தைக்கும் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவள். வாயும் மிஷினும் ஒரே வேகம். எல்லோரும் தையல் முடிவில் இரண்டு தடவை திருப்பி அடித்தால் இவள் மூன்று தடவை அடிப்பாள். நூல் தண்டம் என்று சூப்பர்வைசர் திட்டுவான். "உன் பொஞ்சாதி தாலி மட்டும் மூணு முடிச்சா இருக்கணும், என் தையல் ரெண்டா இருக்கணுமா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தவள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு இருவரும் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் நின்றிருந்தார்கள். மேட்டில் கட்டடம், பள்ளத்தில் கேட், நடுவில் சரிவு. சரிவில் இரண்டு ஜீப்புகள் நின்றன. ஒன்று போலீஸ் ஜீப். ஹேண்ட்பிரேக் செத்து இரண்டு வருடம் ஆனதால் சக்கரத்துக்குக் கருங்கல் முட்டு. இன்னொன்று பறிமுதல் ஜீப். கூரையில் நாலு விளக்கு, மூக்கில் இரும்புக் கயிறு, கதவில் பாயும் புலி, உடம்பு முழுக்கச் சேறு. கதவுகளுக்குச் சீல். அதற்கும் ஒரு கருங்கல். சட்டத்தின் முன் எல்லோரும் சமம்.

புலி ஜீப்பின் சொந்தக்காரர் சூரியபிரகாஷ். ஷூ ஏற்றுமதி செய்கிற கம்பெனி முதலாளி. சத்துவாச்சாரியில் வீடு. 'மலைப்புலிகள்' என்ற ஜீப் கிளப்புக்குத் தலைவர். கல்லும் முள்ளும் தவிர வேறெதிலும் வண்டி ஓட்டமாட்டோம் என்று சத்தியம் செய்த பணக்காரர்கள் பத்துப் பேர் அதில் உறுப்பினர். அவர்களை ஊர் ஜனம் பார்த்ததெல்லாம் ஹைவே ஓட்டல் வாசலில்தான்.

அவர் கொடுத்த புகார் இதுதான். சனிக்கிழமை ஜவ்வாது மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஜீப் ஓடியது. இறங்கி வழி காட்டிய கம்பெனித் தொழிலாளி ஜீவாவின் கால் முறிந்தது. குற்றவாளி, பின் பிரேக்கை மாற்றிக் கொடுத்த மாதனூர் மெக்கானிக் இளம்பரிதி.

இளம்பரிதி வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நகத்துக் கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இரண்டு ஸ்கூல் வேனும் ஏழு கம்பெனி பஸ்ஸும் அவன் கையை நம்பி ஓடுகின்றன. பிரேக் போடுகிறவன் பெயர் ஒருதடவை கெட்டால் அப்புறம் சைக்கிளைக்கூட எவனும் அவனிடம் விடமாட்டான். அதனால்தான் தேவசகாயத்தைக் கூப்பிட்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் செல்வகுமார் வாசலில் நின்று வாட்சைத் தட்டிக் காட்டினார். "நாலு மணி. அதுக்குள்ள எதனா கொண்டாந்தா பாக்கறேன். இல்ல, ஆளை உள்ள வெச்சுட்டுப் போய்ட்டே இருப்பேன்."

தேவசகாயம் இளம்பரிதி பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னா பண்ண வண்டிய? என் மரமண்டைக்குப் புரியற மாதிரி சொல்லு. பொய் சொன்னா கண்டுபிடிச்சுடுவேன். நெஜம் சொன்னாலும் சந்தேகப்படுவேன்."

"பின்னாடி டிரம் பிரேக் இருந்துச்சு பெரியவரே. தண்ணில எறங்குனா டிரம்முக்குள்ள சேறு பூந்து லைனர் வழுக்கும். அதக் கழட்டிட்டு டிஸ்க் போட்டேன். தட்டக் கவ்விப் புடிக்கிற காலிப்பர் புதுசு, பைப்பு புதுசு. ஏர் எடுத்து, ஆயில் ஊத்தி, செவ்வாக்கெழம டெலிவரி குடுத்தேன்."

"ஹேண்ட்பிரேக்கு?"

"டிஸ்க் மாத்துறவன் முக்காவாசிப் பேர் அங்கதான் ஏமாத்துவான், அத மாட்டாமலே விட்டுருவான். நான் கேபிள் இழுக்குற காலிப்பரா தேடிப் புடிச்சுப் போட்டேன். எங்க ஷெட்டு மேட்டுல நிறுத்திக் காமிச்சேன். ஒரு இஞ்சு நவுரல."

"யார் கிட்ட காமிச்ச?"

"ஓனர் கிட்டதான். அவரு போன்ல இருந்தாரு."

"அப்போ எவனும் பாக்கல," என்றார் தேவசகாயம். அவருக்கு இளம்பரிதியைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் இரண்டு மடங்கு சந்தேகப்பட்டார்.

மெர்சி ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"அங்கிள், இது மலைக்குப் போய்ட்டு வந்த வண்டி மாதிரியா இருக்குது? மாப்ளைக்கு நலங்கு வெச்ச மாதிரி இருக்குது. கன்னத்துல தடவிருக்காங்க, கக்கத்துல காணோம்."

தேவசகாயம் சிரிக்கவில்லை. முழங்கால் கடகடக்கக் குனிந்து பின் சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்குள் தலையை விட்டார். சேறு இல்லை. துளி இல்லை. ஒரு சிலந்தி மட்டும் வலை கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"மெர்சி, சேத்துல ஓட்டுனா சக்கரம் சுத்தி சேறு எங்கடி அடிக்கும்?"

"உள்ள மட்கார்டுலதான். எங்க அண்ணன் சைக்கிள்ல போனாலே அவன் முதுகுல மேப்பு வரைஞ்சிருக்கும்."

"உள்ள சுத்தம், வெளிய அசிங்கம். மனுசன் இப்படி இருந்து நான் பாத்ததில்ல. எல்லாம் தலைகீழாத்தான் இருப்பானுங்க."

அவர் விரல் சக்கரத்தின் ஓட்டை வழியாக உள்ளே போய் டிஸ்க்கைத் தொட்டது. போன வாரம் போட்ட புது இரும்புத் தட்டு. வெள்ளி மாதிரி இருக்கவேண்டியது. சேறு பட்ட இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது. துருப்பிடித்த சிவப்பு இல்லை. பள்ளிக்கூடத்து மைப்புட்டி கொட்டிய நீலக் கறுப்பு. விரலில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தார்.

மறுபடி முகர்ந்தார்.

"இன்னா அங்கிள்? விரலை ஊறுகா கணக்கா மோந்து பாக்கறீங்க?"

"வண்டிய எடு," என்றார். "உன் ஸ்கூட்டிய. பிரேக்கு இருக்கில்ல?"

"காலைத் தேச்சுதான் நிறுத்துவேன். செருப்பு கம்பெனில வேலை, எனக்கின்னா கவலை?"

பதினைந்து நிமிடத்தில் சூரியபிரகாஷ் கம்பெனிக்கு முன்னால் இருந்தார்கள். வாசலில் பெரிய பச்சை போர்டு: 'விபத்தில்லா நாட்கள் – 413'. எண் மட்டும் மாற்றக்கூடிய தகடு.

"வெள்ளிக்கெழம 410 இருந்துச்சு," என்றாள் மெர்சி. அவளுடைய யூனிட் இந்தக் கம்பெனிக்குத்தான் தைத்துக் கொடுக்கிறது. "வியாழக்கெழம வெளிநாட்டு பையர் வர்றாங்க, ஆடிட்டுக்கு. ஒருத்தனுக்கு உள்ள அடிபட்டாலும் போர்டு சைபர் ஆயிடும். ஆர்டரும் சைபர். போன மாசம் தையக்காரிக்கு விரல்ல ஊசி ஏறுச்சு. கேட்டுக்கு வெளிய கூட்டிட்டுப் போயிதான் 'ஐயோ'ன்னு கத்தச் சொன்னாங்க."

கேட்டில் மத்தியானம் வரை காக்க வைத்தும் உள்ளே விடவில்லை. தேவசகாயத்துக்கு அது எதிர்பார்த்ததுதான். அவரே இருந்தாலும் விட்டிருக்கமாட்டார். பின்பக்கச் சந்துக்குப் போய் மெர்சி ஸ்கூட்டி சீட்டு மேல் ஏறி மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தெரியுது? பாத்ததை மட்டும் சொல்லு. உன் கற்பனை வேணாம்."

"லோடு ஏத்துற சாய்வு மேடை. அதுக்குக் கீழ செவுரு. ஒரு பக்கம் மட்டும் புதுசா சுண்ணாம்பு. இந்தாண்ட பழைய தொட்டிங்க நாலு. ஒண்ணுல மேல் மூடியத் தெறந்து அள்ளிருக்காங்க. பக்கத்துல ஒரு இரும்பு வாளி."

"வாளி இன்னா கலரு?"

"கறுப்பு. அடுப்புல வெச்ச மாதிரி."

தேவசகாயம் மதிலில் சாய்ந்து முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்து வெகுநாள் ஆனதால் இருமல் மாதிரி வந்தது.

"அதுங்க பட்டைத் தொட்டிடி. அந்தாளு தாத்தா காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறவெச்சு தோல் போட்ட தொட்டி. அடில இன்னும் சகதி கெடக்குது. பட்டைத் தண்ணி இரும்புல பட்டுச்சுன்னா மை ஆயிடும். ஒரு இரும்பு ஆணி விழுந்தாலும் தோலு கறுத்துப் போயிடும். அதுக்குன்னே கேட்டுல ஒரு இரும்பு வாளி உள்ள போவாம முப்பது வருசம் தடுத்தவன் நான்."

"அப்போ இந்த முதலாளிக்கு அது தெரியாதா?"

"அவனுக்கு எப்படித் தெரியும்? வெளிநாட்டுல போயி தோல் படிப்பு படிச்சுட்டு வந்தவனாச்சே."

ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது மணி மூன்று. சூரியபிரகாஷ் வந்திருந்தார். விபத்தில் தனக்கும் அடி என்று காட்டக் கழுத்தில் பட்டை, மேலே பத்துப் பை வைத்த ஜாக்கெட். அவருடைய கார் கேட்டுக்கு உள்ளே ஓரமாக நின்றது. போன் அடிக்கும் திசைக்கெல்லாம் கழுத்து நன்றாகத் திரும்பியது.

"சார், இவங்க யாரு?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

"துப்பறியறவங்களாம்."

"ஓ. லைசென்ஸ் இருக்கா?"

"உங்க கழுத்துக்கு எக்ஸ்ரே இருக்குதா?" என்றாள் மெர்சி.

தேவசகாயம் அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு இன்ஸ்பெக்டர் எதிரில் போய் நின்றார். "சார், ஒரு டீ டிகாஷன் வேணும். பால் ஊத்தாம. ஸ்ட்ராங்கா."

"யோவ், இது இன்னா டீக்கடையா?"

"டிகாஷனோட ஒரு துருப்பிடிச்ச இரும்பும் வேணும்."

பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு திருட்டுக் கேஸ் கடப்பாரை வந்தது. தேவசகாயம் டிகாஷனை அதன் மேல் ஊற்றிவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். பேசாமல் இருப்பது மெர்சிக்குத்தான் கஷ்டமாக இருந்தது. கடப்பாரையில் டிகாஷன் பட்ட இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "என் டீய தெனமும் குடிக்கறேனேய்யா, உள்ள இன்னா ஆகியிருக்கும்?"

"டீயில இருக்குற துவர்ப்புதான் சார் பட்டைச் சகதிலயும் இருக்குது, பத்து மடங்கு. மலைச்சேறு பட்டா இரும்பு செவக்கும். இந்த வண்டி டிஸ்க்கு மை மாதிரி கறுத்துக் கெடக்குது. இது மலைச்சேறு இல்ல. இவரு கம்பெனி பின்னாடி பட்டைத் தொட்டிலேர்ந்து வாளில மொண்டு அடிச்சது. மட்கார்டுக்குள்ள எட்டிப் பாருங்க, சிலந்திக்கே விசயம் தெரியாது. வண்டி மலைக்கே போவல. ஜீவா கால் ஒடைஞ்சது கம்பெனி உள்ள, அந்தச் சாய்வு மேடைல. வண்டி மோதுன செவுத்துக்கு மட்டும் புதுசா சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் மட்கார்டுக்குள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது தலையில் சிலந்தி வலை. அவர் சூரியபிரகாஷைப் பார்த்த பார்வை கொஞ்சம் மாறியிருந்தது.

சூரியபிரகாஷ் முகத்தில் இரண்டு நொடி இருட்டு. அப்புறம் வெளிச்சம் போட்ட மாதிரி சிரித்தார்.

"சரி சார். ஒத்துக்கறேன். கம்பெனி பேர் கெடக்கூடாதுன்னு இடத்தை மாத்திச் சொன்னேன். தப்புதான். ஆனா குத்தவாளி மாறலையே? மேடைல வண்டிய நிறுத்திட்டு எறங்குனேன். அதுவா உருண்டு போயி ஜீவா மேல ஏறுச்சு. ஏன்? ஹேண்ட்பிரேக்கே கெடையாது! இந்த மெக்கானிக் டிஸ்க் போட்டான், ஹேண்ட்பிரேக் வெக்கவே இல்ல. நீங்களே பாருங்க."

சீலை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஹேண்ட்பிரேக் கம்பி நிற்கவேண்டிய இடத்தில், தேன் நிறத் தோலில் மெத்தென்று ஒரு பெட்டி. மேலே காபிக் கப் வைக்க வட்டமாகக் குழி.

இளம்பரிதி ஓடிவந்து பார்த்தான்.  

"இது... இது நான் குடுத்தப்ப இல்ல சார். கம்பி இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு."

"எப்படிக் குடுத்தானோ அப்படியே இருக்கு சார்," என்றார் சூரியபிரகாஷ். "நான் ஒரு ஆணிகூடத் தொடல."

இன்ஸ்பெக்டர் தலையிலிருந்த வலையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "எங்க ஒடைஞ்சா இன்னாய்யா, கால் ஒடைஞ்சுது. பிரேக்கு வெக்காதது நீ. ஏறு உள்ள."

 பையனை நம்பிவிட்டோமே என்று தேவசகாயத்துக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. முப்பது வருடத்தில் நம்பிய முதல் ஆள். சோற்றைக் கிளறாமல் மூடிவிட்ட மாதிரி ஆகிவிட்டதே!

"மெர்சி, எதனா சொல்லேன்," என்றார்.

  அவள் ஜீப்புக்குள் குனிந்து, அந்தத் தோல் பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஒருதடவை. இரண்டு தடவை. மூன்று தடவை.

"அங்கிள்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இது நான் தச்சது."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார்.

"முடிவுல மூணு தடவை திருப்பி அடிச்சிருக்குது பாருங்க. யூனிட்டுல நாப்பது பேரு, இந்த லூசுத்தனம் எனக்கு மட்டும்தான். வியாழக்கெழம மத்தியானம் சூப்பர்வைசரு குடுத்தான். 'பையரு வீட்டு நாய்க்குத் தலகாணி, அவசரம்'னான். நாய் தலைக்கு எதுக்குடா நடுவுல ஓட்டைன்னு கேட்டேன். தச்சுக் குடுத்துட்டேன்." பர்ஸிலிருந்து மடங்கிய ஜாப் சீட்டை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். "தேதி போட்டிருக்குது சார். செவ்வாக்கெழம டெலிவரி ஆன வண்டில வியாழக்கெழம தச்ச தோலு எப்படி ஒட்டிச்சு? இவருதான் ஒரு ஆணிகூடத் தொடலியே?"

"ஏம்மா," என்றார் சூரியபிரகாஷ் மெதுவாக. "நீ எங்க யூனிட்டா? நாளைக்கு வேலை வேணுமா, வேணாமா?"

மெர்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பர்ஸுக்குள் மறுபடி கை விட்டு நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள்.

"மூணு தடவை அடிச்சதைப் பிரிக்கறது பேஜாரு சார். கொஞ்சம் பொறுங்க."

கச், கச், கச். தோல் திறந்தது. உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு அடியில் பளபளவென்று அறுத்த வாயோடு இரண்டு விரல் நீளத்துக்கு ஹேண்ட்பிரேக் கம்பியின் அடிக்கட்டை.

இளம்பரிதி குனிந்து அடிக்கட்டையைப் பார்த்தான். "சார், கேபிள் அறுக்கலன்னா இது இன்னும் புடிக்கும். ஒரு பிளையர் குடுங்க."

பிளையரால் அடிக்கட்டையைப் பிடித்து இழுத்தான். நாலு பல் ஏறியது. கட்டக், கட்டக், கட்டக், கட்டக்.

"வந்து தள்ளுங்கய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். நாலு கான்ஸ்டபிள்கள் பின்னால் வந்து தோள் கொடுத்தார்கள். "முட்டுக்கல்லை எடு மொதல்ல!"

எல்லோர் கண்ணும் புலி ஜீப்பின் மேல். நாலு பேரும் பல்லைக் கடித்துத் தள்ளினார்கள். சரிவில் அந்த வண்டி ஒரு இஞ்சு நகரவில்லை. சனிக்கிழமையும் அது இப்படித்தான் நின்றிருக்கும், காபி வைக்க இடம் கேட்டு ஒருவன் கம்பியை அறுக்காமல் இருந்திருந்தால். ஜீவாவும் இரண்டு காலில் நின்றிருப்பான்.

இந்தச் சந்தடியில் சூரியபிரகாஷ் கழுத்துப் பட்டையைக் கழற்றி ஜாக்கெட்டில் திணித்துக்கொண்டு, பூனை மாதிரி தன் காரில் ஏறிவிட்டதை யாரும் பார்க்கவில்லை. தேவசகாயம் மட்டும் பார்த்தார். கத்த வாயைத் திறந்தார்.

அதற்குள் கல்லை எடுக்கப் போன கான்ஸ்டபிள் கையில் ஒரு கருங்கல்லோடு கேட்டார். "சார்... எந்த ஜீப்புக் கல்லு சொன்னீங்க?"

புலி ஜீப்பின் கல் சக்கரத்தடியிலேயே பத்திரமாக இருந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ் ஜீப், டிரைவர் இல்லாமல், சைரன் இல்லாமல், மரியாதையாக ஊர்ந்து இறங்கியது. சூரியபிரகாஷின் காரைத் தாண்டிப் போய்க் கேட்டுத் தூணில் மூக்கை முட்டி, வழியை மறித்துக் குறுக்கே நின்றது. காரிலிருந்து ஹாரன் ஒருதடவை பரிதாபமாக அடித்தது.

"ஸ்டேஷன் சரித்திரத்துலயே இந்த ஜீப்பு புடிச்ச மொதல் ஆளு," என்றாள் மெர்சி.

புலி ஜீப்பின் கல்லையும் எடுத்துவிட்டு மறுபடி தள்ளினார்கள்; அப்போதும் அது அசையவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் சரியாக வைத்தார். கார்ப் பக்கம் நடந்து கண்ணாடியைத் தட்டினார். "எறங்கி வாங்க சார். மொதல்லேர்ந்து சொல்லுங்க. இந்தவாட்டி மலை வேணாம்." கான்ஸ்டபிள் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், ஜீவாவிடம் புது வாக்குமூலம் வாங்க. பாதி தூரம் வந்து, இளம்பரிதி எதிரில் தயங்கி நின்றார். அவன் பயந்துபோய் எழுந்தான்.

"தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர், தூணில் முட்டி நிற்கும் தன் ஜீப்பைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தி. "அதுக்கும் பின்னாடி டிஸ்க் போட முடியுமா?"

இளம்பரிதி நகத்துக் கிரீஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போடலாம் சார். ஆனா டெலிவரி எடுக்குறப்ப போனை ஆஃப் பண்ணிட்டுப் பாக்கணும்."

தேவசகாயம் மெர்சியின் ஸ்கூட்டியில் ஏறப் போனவர் நின்றார். குனிந்து அதன் பின் சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் செருப்பின் தேய்ந்த குதிகாலைப் பார்த்தார்.

"நாளைலேர்ந்து உனக்கு வேலை இல்லடி," என்றார்.

"தெரியும் அங்கிள். போர்டுல சைபர் மாட்டுறதுக்கு ஆள் வேணும்னா மட்டும் கூப்பிடுவாங்க."

"அப்போ ஸ்கூட்டிய இங்கயே விடு. அவன் கிட்ட குடு, பிரேக்கு வெக்கட்டும். நாம நடந்து போலாம்."

"அவனை நம்பிட்டீங்களா?"

"நம்பல," என்றார் தேவசகாயம், கேட்டை நோக்கி நடந்தபடி. "வந்ததும் மேட்டுல நிறுத்திப் பாத்துடுவேன்."